நம் இல்லத்திற்கு வரும் பிறநாட்டுப் பிள்ளை

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் சமயத்தைப் பற்றியோ சமுதாய முன்னேற்றத்தைப் பற்றியோ பேசுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றைவிடச் சிறியது போலத் தோன்றும். ஆயினும் அதற்குள் சமயமும் உண்டு, சமுதாயமும் உண்டு என்பதைப் பேச்சின் முடிவில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

சென்ற மாதம் நம் செயற்குழுவில் ஒரு கேள்வி எழுந்தது. கல்விப் பரிமாற்றத்தின் பேரில் இலங்கைக்கு வரும் வெளிநாட்டு மாணவர் ஒருவருக்குச் சில மாதங்கள் இடங்கொடுக்க அக்கரப்பத்தனையில் ஒரு குடும்பம் முன்வருமா என்பதே அக்கேள்வி. சற்று நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பெரியவர் மெல்லச் சொன்னார்: "நம்ம லயத்துல கொண்டுவந்து எப்படித் தம்பி வைக்கிறது? பார்த்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" மற்றவர்கள் தலையசைத்தார்கள். முடிவு ஒன்றும் எடுக்காமலே கூட்டம் கலைந்தது.

அப்பெரியவரை நான் குறைகூற வரவில்லை. அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். ஒன்று இடத்தைப் பற்றியது. அது நியாயமான கேள்வி. மற்றது மானத்தைப் பற்றியது. அந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் இந்தப் பரிமாற்றம் என்பது யாது என்று பார்ப்போம். முதலாம் உலகப் போரில் காயமடைந்த போர்வீரர்களை வண்டிகளில் ஏற்றிச் சென்று காப்பாற்றிய ஒரு தொண்டர் படை இருந்தது. அமெரிக்கன் பீல்ட் சேர்விஸ் என்பது அதன் பெயர். இரண்டாம் உலகப் போரிலும் அவர்கள் அதே தொண்டைச் செய்தார்கள். இரண்டு போர்களிலும் பிணங்களையும் புண்களையும் கண்ட அவர்கள், போர் முடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு நாட்டுப் பிள்ளை வேறொரு நாட்டுத் தாயின் கையால் ஓராண்டு உண்டு வளர்ந்தால், பிற்காலத்தில் அந்நாட்டின்மீது துப்பாக்கி தூக்க அதற்கு எளிதில் மனம் வராது என்று கருதினார்கள். 1947ஆம் ஆண்டில் பள்ளி மாணவரைப் பரிமாறத் தொடங்கினார்கள். சற்று முன்பு போரில் எதிரெதிர் அணியில் நின்ற நாடுகளின் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். ரோட்டரிக் கழகத்தாரும் இப்பணியை உலகெங்கும் செய்து வருகின்றனர். ஓராண்டு தங்கும் மாணவரை ஒரே வீட்டில் வைக்காமல், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் மாறி மாறித் தங்கவைப்பது அவர்கள் வழக்கம். இத்திட்டங்களில் இடங்கொடுக்கும் குடும்பத்தார் பொதுவாக வாடகைக்காகக் கொடுப்பதில்லை, அன்பினால் கொடுக்கிறார்கள். வரும் பிள்ளை வாடகைக்கு இருப்பவரும் அல்லர், சுற்றுலாப் பயணியும் அல்லர். சில காலத்திற்கு அந்த வீட்டுப் பிள்ளை.

அந்நிய நாட்டில் வீடற்ற மாணவனின் நிலை எத்தகையது என்பதை நம்மவர் இருவரின் வாழ்க்கை நமக்குக் காட்டும்.

1888ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டன் சென்றார் ஓர் இளைஞர். புலால் உண்பதில்லை என்று தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுச் சென்றவர். ஒரு விதவைத் தாயின் வீட்டில் தங்கினார். அந்த அம்மையார் நல்லவர். அவருடைய சத்தியத்தை மதித்தார். அவருடைய இரு புதல்வியரும் இன்னும் ஒரு துண்டு ரொட்டி எடுத்துக்கொள்ளும்படி வற்புறுத்துவார்கள். அந்த இளைஞருக்கோ ஒரு முழு ரொட்டி இருந்தால்தான் பசி தீரும். ஆனால் கேட்க வெட்கம்! அரைவயிற்றோடு எழுந்துவிடுவார். அவர்தாம் பிற்காலத்தில் உலகம் போற்றிய மகாத்மா காந்தியடிகள். 1927இல் இலங்கைக்கு வந்து நாட்டின் பல பாகங்களிலும் பேசியவர். அப்படிப்பட்டவரே பத்தொன்பதாம் வயதில் அந்நிய வீட்டில் "இன்னும் கொஞ்சம் தாருங்கள்" என்று கேட்கக் கூசினார் என்றால், நம் வீட்டுக்கு வரும் பிள்ளை கேட்குமா? பரிமாறுகிறவர்தாம் பார்த்தறிய வேண்டும்.

மற்றவர் கணித மேதை சீனிவாச இராமானுசன். 1914ஆம் ஆண்டு ஏப்ரலில், இருபத்தாறு வயதில், கேம்பிரிட்ஜ் சென்றடைந்தார். அவரை அங்கு அழைத்து வருவதற்கு உழைத்தவர்களுள் ஒருவர் நெவில் என்னும் கணிதப் பேராசிரியர். அவரும் அவர் மனைவியும் இராமானுசனை முதற் சில வாரங்கள் தம் இல்லத்திலேயே வைத்திருந்தனர். பின்னர் அவர் கல்லூரி விடுதிக்குத் தனியே சென்றார். குளிர்காலம் வந்தது. மகாலனோபிசு என்ற வங்காளத்து மாணவர் ஒருநாள் அவரைப் பார்க்கப் போனார். இரவில் குளிர் தாங்கமுடியவில்லை, மேற்சட்டையை மாட்டிக்கொண்டு சால்வையைப் போர்த்திப் படுத்தும் நடுங்குகிறது என்றார் இராமானுசன். மகாலனோபிசு கட்டிலைப் பார்த்தார். போர்வைகள் போதியவை இருந்தன. ஆனால் அவை மெத்தையின் ஓரங்களில் இறுகச் செருகப்பட்டிருந்தன. மேலே ஒரு விரிப்பு. போர்வையை விலக்கி அதற்குள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது அந்த மேதைக்குத் தெரியாது. மேல்விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு படுத்து வந்திருக்கிறார்! மகாலனோபிசு போர்வையை விலக்கிக் காட்டினார். இந்த மகாலனோபிசுதாம் பின்னர் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பேரறிஞர்.

பெரியோர்களே! உலகத்து அறிஞர் வியந்த மூளை அது. ஆயினும் போர்வைக்குள் எப்படி நுழைவது என்று சொல்லிக்கொடுக்க அருகில் ஒரு தாய் இல்லை. இராமானுசன் 1917இல் கடும் நோயுற்றார். 1919இல் தாயகம் திரும்பினார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். அந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மாணவனுக்கு அந்நிய நாட்டில் புத்தகமும் பணமும் மட்டும் போதா, ஒரு வீடும் வேண்டும் என்பதையே சொல்கிறேன். மார்கழிப் பனியில் அக்கரப்பத்தனைக் குளிரை அறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு இளைஞர் நம் மலைநாட்டுக்கு வருவது புதிதா? அதுவும் இல்லை. நம்மைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயரைப் பாருங்கள்: கிளாஸ்கோ, பெல்மோரல், வேவர்லி. எல்லாம் ஸ்கொட்லாந்தை நினைவூட்டும் பெயர்கள். அங்கிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் தொழில் பழக இளைஞர்கள் வந்தார்கள். சின்னத்துரைகளாகி, பெரிய துரைகளானார்கள். அவர்கள் தங்கியது பங்களாவில். பங்களா குன்றின் மேலே, லயம் பள்ளத்திலே. நூறு ஆண்டு ஒரே தோட்டத்தில் வாழ்ந்தும் அவர்கள் நம் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்ததில்லை. அதற்கு வழக்கம் இடங்கொடுக்கவில்லை.

ஒருவர் அந்த வழக்கத்தை மீறினார். பிரேஸ்கேடில் என்பது அவர் பெயர். இலண்டனில் பிறந்து, அவுஸ்திரேலியாவில் வளர்ந்து, 1936இல் மடுல்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குத் தொழில் பழக வந்த இளைஞர். தொழிலாளர் படும் பாட்டைக் கண்டு அவர்கள் பக்கம் நின்றார், வேலை போயிற்று. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த பெருங்கூட்டத்தில் தொழிலாளருக்காகப் பேசினார். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று தேசாதிபதி கட்டளையிட்டார். நண்பர்கள் அவரை மறைத்து வைத்தார்கள். உயர் நீதிமன்றம் அக்கட்டளை செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒரு வெள்ளைக்கார இளைஞன் லயத்துப் பக்கம் மனம் சாய்ந்ததற்கே அன்று அரசாங்கம் ஆடிப்போயிற்று!

இன்று நிலை என்ன? ஒரு வெளிநாட்டுப் பிள்ளை, பங்களாவில் அல்ல, "உங்கள் வீட்டில் இருக்கலாமா?" என்று கேட்டு வருகிறது. அன்றைய சட்டமும் வழக்கமும் மூடிவைத்த கதவை இன்று நாம் நம் வெட்கத்தால் மூடலாமா?

இங்கே நான் செய்த பிழையையும் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியனாக இருந்தபோது, ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு மாணவி மூன்று வாரம் எங்கள் வீட்டில் தங்கினாள். வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலியை அவளுக்குப் போட்டேன். அயல் வீட்டில் பீங்கான் கோப்பை இரவல் வாங்கினேன். அவள் உண்ட பிறகே நாங்கள் உண்டோம். விளக்குமாற்றைத் தொட்டால் என் துணைவியார் பதறிப்போய் வாங்கிக்கொள்வார். அண்டை வீட்டுச் சிறுவர்கள் "துரைசானி, துரைசானி" என்று பின்னால் ஓடினார்கள். நான் அவர்களைத் தடுக்கவில்லை. உள்ளூர எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள் இரவு அவள் அழும் சத்தம் கேட்டது. சோறு பிடிக்கவில்லையோ, உடம்புக்கு ஆகவில்லையோ என்று பயந்து விசாரித்தோம். அவள் சொன்னாள்: "என் வீட்டில் நான் உண்ட தட்டை நானே கழுவுவேன். இங்கே என்னை எதையும் தொடவிடுகிறீர்கள் இல்லை. நீங்கள் எல்லோரும் என்னால் சிரமப்படுகிறீர்கள். நான் வந்திருக்கக்கூடாது." எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அன்பு செய்கிறேன் என்று நினைத்து, அந்தப் பெண்ணை ஒரு பங்களாவுக்குள் தள்ளிப் பூட்டியிருந்தேன்.

மறுநாட் காலை என் தாயார், ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அறியாதவர், ஒன்றும் பேசாமல் கோதுமை மாச் சட்டியை அவள் முன்னே நகர்த்தி வைத்தார். அவள் மாவைப் பிசைந்து ரொட்டி தட்டினாள். அது இலங்கைப் படம்போல ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் ஒடுங்கிப்போயிருந்தது. வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்று முதல் அவள் பாயில் எங்களோடு அமர்ந்து கட்டச் சம்பலைத் தொட்டு ரொட்டி தின்று, கண்ணில் நீர் வழிய இன்னொன்று கேட்டாள். புறப்பட்ட அன்று அவள் அழுதது நாற்காலிக்காக அல்ல. என் தாயாரைப் பிரிவதற்காக.

ஆகவே, இடங்கொடுக்க எண்ணும் குடும்பத்தாருக்கு என் அனுபவத்தில் கண்ட சில யோசனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, எந்த அமைப்பு அனுப்புகிறது, விசா சரியாக இருக்கிறதா, காப்புறுதி உண்டா, நோயென்றால் யாரை அழைப்பது என்பவற்றை வரும் முன்னரே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அறிவித்துவிடுங்கள்.

இரண்டாவது, இடம். இதில் மனம் நோகாமல் உண்மையைப் பேசுவோம். ஒரு காம்பராவில் ஆறு பேர் படுக்கும் வீடு, "எங்களால் இயலாது" என்று சொன்னால் அதில் இழிவில்லை. வரும் பிள்ளைக்குத் தனிப் படுக்கையும், தாழிடக்கூடிய கதவும், மறைவான குளியலிடமும், சுத்தமான மலசலகூடமும் வேண்டும். பெண்பிள்ளையைப் பீலியில் எல்லோர் முன்னும் குளி என்று சொல்ல முடியாது. இவ்வசதியுள்ள வீடுகள் நம்மிடையே இன்று ஓரளவு உண்டு. அந்த வீட்டில் படுக்கை இருக்கட்டும். மற்ற வீடுகள் முறைவைத்து உணவுக்கு அழைக்கட்டும். ஒரு வீடு தாங்காத பாரத்தை லயம் முழுவதும் சேர்ந்து தாங்கலாம். நல்லது கெட்டது எல்லாவற்றையும் அப்படித்தானே தாங்கி வந்திருக்கிறோம்?

மூன்றாவது, முதல் நாளிலேயே வீட்டு வழக்கங்களைச் சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால், சாமியறைக்குள் செருப்பு ஆகாதென்றால், இருட்டும் முன் வீடு திரும்ப வேண்டுமென்றால், அதை அன்றே சொல்லுங்கள். சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு முகம் சுளிப்பது முறையன்று. அதேபோல் அந்தப் பிள்ளையின் வழக்கத்தையும் கேளுங்கள். எது ஒத்துக்கொள்ளாது, எந்த மருந்து உட்கொள்கிறது என்று கேளுங்கள். கொதித்தாறிய நீரையே கொடுங்கள். கொழுந்து மலைக்குப் போகும்முன் அட்டையைப் பற்றிச் சொல்லிவையுங்கள். இராமானுசனின் போர்வையை நினைவில் வையுங்கள்: நமக்கு எளிதாயிருப்பது வருபவருக்குத் தெரியாதிருக்கும்.

நான்காவது, சமயம். மாரியம்மன் திருவிழாவுக்கோ காமன் கூத்துக்கோ அந்தப் பிள்ளையை ஆவலோடு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள். அது தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ போக விரும்பினால் நீங்களே வழிகாட்டி அனுப்புங்கள். நம் பிள்ளை வெளிநாட்டில் இருக்கும்போது அவ்வீட்டார் எப்படி நடக்க வேண்டும் என்று விரும்புவோமோ, அப்படியே நாமும் நடப்போம்.

ஐந்தாவது, இளைஞர்களே, இது உங்களுக்கு. வந்த பிள்ளையிடம் பணம் கேட்காதீர்கள், கைத்தொலைபேசி கேட்காதீர்கள், "என்னை உங்கள் நாட்டுக்கு அழைத்துப் போ" என்று நச்சரிக்காதீர்கள். கேட்டால் அந்த நொடியே நட்பு வியாபாரமாகிவிடும். பெண்பிள்ளையாயின் உங்கள் சொந்தத் தங்கையை மற்றவர் எப்படி நோக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அப்படி நோக்குங்கள். ஆங்கிலம் பேசிப் பழகுங்கள். அவர்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுங்கள். தேயிலைப் பெட்டியைப் பார்த்து நம்மை அறிந்தவர்கள், இனி நம் பெயரைச் சொல்லி நம்மை அறியட்டும்.

இனி மானத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். "நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" என்று அப்பெரியவர் கேட்டார். நம் லயம் சிறியது என்று நினைப்பார்கள், அது உண்மை. ஆனால் அந்தச் சிறுமை நம்முடையதா? நாம் கட்டியதா அந்த லயம்? நாம் காட்டை அழித்துத் தேயிலையை நட்டவர்கள். அந்தத் தேயிலை இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தது. வீட்டின் அளவு வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு யாராவது இருக்கலாம், நாமல்லர். அதை ஒரு வெளிநாட்டுப் பிள்ளை கண்ணால் கண்டு, தன் ஊரில் போய்ச் சொன்னால் சொல்லட்டுமே!

இன்னுமொன்று உண்டு. அந்நியராய் இருப்பது எப்படி என்பது இந்த நாட்டில் நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? நம் முன்னோர் மண்டபம் முகாமில் காத்திருந்து கடல் கடந்து வந்தபோது, வாருங்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்து நம்மை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம்மைத் தலையெண்ணிப் பங்குபோட்டது. தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டியில் உறவினரை ஏற்றிவிட்டு அழுத தாய்மார் இக்கூட்டத்திலும் இருப்பீர்கள். அக்கரையிலே போய் இறங்கியவர்களை அங்குள்ளோர் "சிலோன்காரர்" என்றார்கள். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர்! எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை தீரச் சட்டம் வந்தது 2003ஆம் ஆண்டில்தான். வாசலில் நிற்பவனின் மனம் நமக்குத் தெரியும். தெரிந்த நாமே வாசலை அடைக்கலாமா?

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்துப் பத்துக் குறள் பாடினார். விருந்து என்ற சொல்லுக்கு இன்று நாம் வடை பாயசம் என்று பொருள் கொள்கிறோம். பழந்தமிழில் அதற்குப் புதுமை, புதியவர் என்பதே பொருள். உறவினருக்குச் சோறிடுவது கடமை. முன்பின் அறியாத புதியவரை ஏற்பதே விருந்தோம்பல். அவ்வறத்தைச் செய்ய நாற்காலியோ பீங்கான் கோப்பையோ தேவையில்லை. ஒரு பாயும், ஒரு ரொட்டியும், "வா, வந்து நீயும் இந்த மாவைப் பிசை" என்று சொல்லும் மனமுமே தேவை.

அடுத்த செயற்குழுவில் அக்கேள்வி மறுபடி வரும். வசதியுள்ள ஒரு குடும்பம் படுக்கை தர முன்வரட்டும். பத்துக் குடும்பங்கள் ஒரு வேளை உணவு தர முன்வரட்டும். இளைஞர் நால்வர் வழித்துணையாக நிற்க முன்வரட்டும். பங்களாப் படியேறிப் பழகிய நம் மக்கள், லயத்துப் படியேறி வரும் ஒரு பிள்ளையைத் தலைகுனியாமல் வரவேற்ற நாள் என்று அந்நாள் நம் மன்றத்தின் வரலாற்றில் எழுதப்படட்டும்.